டீசல் டிரக்கில் பிரஷர் கேஜ் சென்டர் ஒழுகுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த வண்டியைப் பற்றிப் பேசுகிறோம்?

பெரும்பாலும் அமெரிக்காவின் பழைய டாட்ஜ் ராம் 2500, 3500 பிக்கப்கள். 1998-ம் ஆண்டின் நடுவிலிருந்து 2002 வரை வந்த, 5.9 லிட்டர் 24 வால்வ் கம்மின்ஸ் எஞ்சின் உள்ளவை. இந்த எஞ்சினில் போஷ் விபி44 என்ற இன்ஜெக்ஷன் பம்ப் இருக்கிறது, அதற்கு டீசலைத் தள்ளிக் கொடுக்க எஞ்சின் பக்கவாட்டில் ஒரு சின்ன எலக்ட்ரிக் லிஃப்ட் பம்ப் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு பிரஷர் நிற்கிறது என்று பார்க்க ஓனர்கள் தாங்களே கேஜ் வாங்கி மாட்டிக்கொள்வார்கள். அந்தக் கேஜுக்குத் தகவல் அனுப்புகிற, டீசல் லைனில் திருகி வைக்கிற டப்பா போன்ற சாமான்தான் சென்டர். நடு என்று பொருள் தருகிற சென்டர் இல்லை, அனுப்புகிற சென்டர். ஃபோர்டு, ஷெவர்லே வண்டிகளைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம் சொல்கிறேன்.

கம்பெனியே கேஜ் வைக்கவில்லையே, நாம் எதற்கு வைக்க வேண்டும்? வைத்ததால்தானே ஒழுகுகிறது?

கேள்வி நியாயம்தான். ஆனால் விபி44 தன் உள் பாகங்களுக்கு எண்ணெயாகவும் குளிர்விக்கும் நீராகவும் டீசலையேதான் நம்பியிருக்கிறது. உள்ளே வருகிற டீசலில் எரிக்கப்போவது போக மீதி பம்பைச் சுற்றி ஓடி, ஓவர்ஃப்ளோ வால்வ் வழியாக டேங்குக்குத் திரும்ப வேண்டும். அந்த வால்வ் திறக்கவே சுமார் 14 பிஎஸ்ஐ வேண்டும், அதாவது ஏறக்குறைய ஒரு பார். லிஃப்ட் பம்ப் சோர்ந்துவிட்டால் இந்தச் சுற்றோட்டம் குறைகிறது, பம்ப் சூடாகிறது, தேய்கிறது. இதில் கொடுமை என்னவென்றால் லிஃப்ட் பம்ப் செத்தே போனாலும் வண்டி ஓடும், ஏனென்றால் விபி44 தானே டீசலை உறிஞ்சி இழுத்துக்கொள்ளும். டிரைவருக்கு ஒன்றும் தெரியாது. அப்புறம் ஒரு நாள் எஞ்சின் கம்ப்யூட்டரில் பி0216 என்ற கோளாறு கோட் விழும், இன்ஜெக்ஷன் பம்பில் கோளாறு என்று அர்த்தம், அன்றைக்குப் பெரிய செலவு.

ஐடிலில் 14, 15 பிஎஸ்ஐ, முழு ஆக்சிலரேட்டர் மிதித்து சுமை இழுக்கும்போதும் 10-க்குக் கீழே போகக் கூடாது என்பதுதான் இந்த வண்டிக்காரர்கள் எல்லாரும் வைத்திருக்கிற கணக்கு. அதைக் கண்ணால் பார்க்க கேஜ் ஒன்றுதான் வழி. அதனால் சென்டர் ஒழுகுகிறது என்று கேஜையே கழற்றிப் போடுவது, புகை அலாரம் கத்துகிறது என்று அதன் பேட்டரியைப் பிடுங்கிப் போடுகிற மாதிரி.

ஒழுகுவது சென்டர்தான் என்று எப்படி உறுதி செய்வது?

டீசல் ஒரு இடத்தில் கசிந்து இன்னொரு இடத்தில் சொட்டும். டிரைவர் பக்கம் தரையில் ஈரம் தெரிந்தால் சந்தேகப்பட நாலைந்து இடம் உண்டு: சென்டர், பான்ஜோ போல்ட்டின் (டீசல் உள்ளே ஓடுகிற, துளை போட்ட போல்ட்) வாஷர்கள், ஃபில்டர் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் வடிக்கிற வால்வ், லிஃப்ட் பம்ப், பழைய ரப்பர் ஹோஸ். இதில் வடிகால் வால்வின் ஓ ரிங் இந்த வண்டிகளில் பேர்போன குற்றவாளி, ஆகவே சென்டர்மேல் பழி போடும் முன் அதையும் பாருங்கள். 2006-ல் அமெரிக்காவில் சாலை டீசலின் கந்தகத்தை 500 பிபிஎம்மிலிருந்து 15-க்குக் குறைத்தபோது டீசலின் சேர்மானமே மாறியது. நைட்ரைல் ரப்பரில் செய்த பழைய ஓ ரிங்குகள் பல சுருங்கிக் கசிய ஆரம்பித்தன.

செய்ய வேண்டியது இதுதான். அந்தப் பக்கம் முழுவதையும் பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்துக் காயவிடுங்கள். பிறகு சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டரை ஒரு கணம் மட்டும் தட்டி விடுங்கள், எஞ்சின் ஸ்டார்ட் ஆகக் கூடாது. இப்படித் தட்டினால் லிஃப்ட் பம்ப் சுமார் 25 விநாடி தானாக ஓடும். ஃபேன் சுற்றாது, பெல்ட் சுற்றாது, நிதானமாக டார்ச் அடித்துப் பார்க்கலாம். டிஷ்யூ பேப்பரைச் சென்டரின் மூன்று இடத்தில் ஒற்றிப் பாருங்கள்: கீழே மரை ஏறுகிற இடம், தகர டப்பாவை மடித்து அழுத்தியிருக்கிற விளிம்பு, மேலே ஒயர் மாட்டுகிற முனை. மரையில் ஈரம் என்றால் அது மாட்டிய லட்சணம், சரி செய்துவிடலாம். விளிம்பிலோ ஒயர் முனையிலோ ஈரம் என்றால் உள்ளே டயாபிரம் (பிரஷரைத் தாங்குகிற மெல்லிய சவ்வு) கிழிந்துவிட்டது, சென்டர் போயிற்று.

இன்னொரு அடையாளம். ஒயரின் உறையை லேசாகப் பிரித்துப் பாருங்கள், உள்ளே டீசல் இருக்கும். திரி எண்ணெயை இழுப்பது போல ஒயரின் இழைகள் டீசலை இழுத்துக்கொண்டு போகும். டேஷ்போர்டுக்குப் பின்னால் டீசல் வாடை வருகிறது, எங்கிருந்து என்றே தெரியவில்லை என்று தலையைச் சொறிகிறவர்கள் முதலில் இந்த ஒயரைப் பார்க்க வேண்டும்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: எஞ்சின் ஓடும்போது இன்ஜெக்டருக்குப் போகிற இரும்புக் குழாய்கள் பக்கம் கையால் தடவிக் கசிவு தேடாதீர்கள். அங்கே இருக்கிற பிரஷர் தோலைத் துளைத்து டீசலை உடம்புக்குள் ஏற்றிவிடும். அங்கே அட்டையை நீட்டித்தான் பார்க்க வேண்டும்.

15 பிஎஸ்ஐ எல்லாம் ஒரு பிரஷரா? சைக்கிள் டயரில் இதைவிட அதிகம் இருக்குமே, சென்டர் ஏன் கிழிகிறது?

கேஜ் காட்டுவது சராசரி. சென்டர் வாங்குவது அடி. இரண்டும் வேறு.

விபி44-க்குள் ஒரு சோலனாய்டு வால்வ் ஒவ்வொரு இன்ஜெக்ஷனுக்கும் திறந்து மூடுகிறது. ஆறு சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக் எஞ்சின், ஆக ஒரு சுற்றுக்கு மூன்று இன்ஜெக்ஷன். 2000 ஆர்பிஎம்மில் ஓட்டினால் நிமிடத்துக்கு 6000, விநாடிக்கு 100. ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன அதிர்வலை டீசலுக்குள் பின்னோக்கி ஓடி வருகிறது. வீட்டில் குழாயைச் சட்டென்று மூடினால் பைப்பில் 'டங்' என்று ஒரு சத்தம் கேட்குமே, அதே சங்கதிதான். ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் போனால் 3,60,000 அடி. சென்டருக்குள் இருப்பது மெல்லிய டயாபிரம், அதோடு ஒட்டிய ஒரு நெம்புகோல், ரெசிஸ்டன்ஸ் கம்பிமேல் உரசுகிற ஒரு துடைப்பான். எண்ணெய் பிரஷர் போல அமைதியாக ஏறி இறங்குகிற வேலைக்குச் செய்த பொருள் அது. இந்த அடியில் டயாபிரம் களைத்துக் கிழியும், அதற்கு முன்னாலேயே துடைப்பான் தேய்ந்து முள் கண்டபடி ஆட ஆரம்பிக்கும்.

அடுத்தது எஞ்சின் உதறல். பலர் பான்ஜோ போல்ட்டில் ஒரு பித்தளை எல்போ, அதன்மேல் T வடிவ இணைப்பு ஒன்று, அதன் உச்சியில் கனமான சென்டர் என்று கோபுரம் கட்டி வைத்திருப்பார்கள். ஐடிலில் அந்தச் சென்டர் தலையாட்டிப் பொம்மை மாதிரி ஆடுவதைப் பார்த்தாலே தெரியும், சென்டர் தாங்கினாலும் பித்தளை தாங்காது என்று.

சென்டரை மாற்றிவிட்டேன், சில மாதத்தில் மறுபடியும் ஒழுகுகிறது. வேறு பிராண்ட் வாங்கட்டுமா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் சென்டர் போனதும் கடைக்காரரைத் திட்டினேன், இரண்டாவதும் போனதும் கேஜ் கம்பெனியைத் திட்டினேன், மூன்றாவதை வாங்கும்போதுதான் பழைய டிரக் மெக்கானிக் ஒருவர், நீ மாட்டியிருக்கிற இடத்தில் எந்தச் சென்டரும் பிழைக்காது என்றார். அவர் சொன்னதில் சாமான் இரண்டுதான்: ஒரு கிரீஸ் கன் ஹோஸ், ஒரு நீடில் வால்வ் (ஊசி முனையால் வழியை மயிரிழை அளவுக்குத் திறந்து மூடுகிற வால்வ்). மூன்றாவது சென்டரை அப்படி மாட்டினேன், அதற்குப் பிறகு அந்த வண்டிக்கு நான் சென்டர் வாங்கவில்லை.

அடியைக் குறைக்காமல் சென்டரை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் எந்தப் பிராண்ட் ஆனாலும் கதை ஒன்றுதான்.

அந்த ஹோஸும் நீடில் வால்வும் எப்படி மாட்டுவது?

ஃபில்டருக்கும் விபி44-க்கும் நடுவில், பம்புக்குப் போகிற பக்கத்தில் பிரஷர் எடுப்பதுதான் சரி, ஃபில்டர் அடைத்தால் அதுவும் கேஜில் தெரியும். அந்த இடத்துக்கு 1/8 என்பிடி (அமெரிக்கக் குழாய் மரை அளவு) மரை போட்ட பான்ஜோ போல்ட் கிடைக்கிறது. அதில் முதலில் நீடில் வால்வ். அதற்கப்புறம் கிரீஸ் கன் ஹோஸ், 30 முதல் 45 செமீ நீளம் போதும். இரண்டு முனையிலும் 1/8 என்பிடி மரையோடு எந்த ஆட்டோ பார்ட்ஸ் கடையிலும் கிடைக்கும், கிரீஸ் கன் அடிக்கிற பிரஷருக்குச் செய்ததால் நம்முடைய 15 பிஎஸ்ஐ அதற்குத் தூசு. ஹோஸின் மறுமுனையில் ஒரு கப்ளிங், அதில் சென்டர். சென்டரை ஃபயர்வாலிலோ ஃபெண்டரின் உள்பக்கத்திலோ கிளாம்ப் போட்டுக் கட்டிவிடுங்கள். எஞ்சினோடு சேர்ந்து ஆடக் கூடாது, அதுதான் முக்கியம். ஹோஸ் எக்சாஸ்ட் பக்கமோ பெல்ட் பக்கமோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹோஸில் கொஞ்சம் காற்று மாட்டிக்கொண்டால் பரவாயில்லை, காற்று எடுக்க மெனக்கெட வேண்டாம். அந்தக் காற்றே மெத்தை மாதிரி அடியை வாங்கிக்கொள்ளும்.

வால்வைத் திறப்பதில்தான் சூட்சுமம். எஞ்சினை ஓடவிட்டு வால்வை முழுக்க மூடுங்கள், பிறகு ஒரு மயிரிழை திறங்கள். முள் மெதுவாக ஏறி வந்து ஆடாமல் நின்றால் சரி. படபடவென்று துடித்தால் அதிகம் திறந்துவிட்டீர்கள், கொஞ்சம் மூடுங்கள். எஞ்சினை நிறுத்தினால் முள் ஓரிரு விநாடி எடுத்து இறங்க வேண்டும், ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால் வால்வ் மூடியே இருக்கிறது என்று அர்த்தம். முழுக்கத் திறந்துவிட்டு வால்வ் மாட்டியிருக்கிறேன் என்று சொல்வதால் ஒரு பயனும் இல்லை, அப்படி ஓட்டுகிறவர்கள்தான் அதிகம்.

ஸ்னப்பர் என்று ஊசித் துளை போட்ட சின்ன பிட்டிங்கும் விற்கிறார்கள். அதுவும் வேலை செய்யும். எனக்கு நீடில் வால்வ்தான் பிடிக்கும், ஏன் என்பதைக் கீழே நடுவழிக் கேள்வியில் சொல்கிறேன்.

ஹோஸ் போட்டதிலிருந்து கேஜ் வேலையே செய்யவில்லை!

எர்த். பத்துக்கு ஒன்பது பேர் இதில் மாட்டுவார்கள். ஒற்றை ஒயர் சென்டருக்கு எர்த் அதன் மரை வழியாக எஞ்சினுக்குப் போகிறது. நடுவில் ரப்பர் ஹோஸ் வந்ததும் அந்த வழி அறுந்துவிட்டது. சென்டரின் உடம்பில் ஒரு ஹோஸ் கிளிப் மாட்டி, அதன் அடியில் ஒரு ஒயரைச் செருகி, பெயிண்ட் சுரண்டிய நல்ல இரும்பிலோ பேட்டரி நெகட்டிவிலோ இணையுங்கள். சில ஹோஸ்களில் உள்ளே கம்பி வலை இருப்பதால் அரைகுறையாக எர்த் கிடைக்கும், அது இன்னும் மோசம், ஏனென்றால் கேஜ் ஏதோ ஒரு பொய் எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும், நீங்கள் லிஃப்ட் பம்ப்மேல் சந்தேகப்பட்டு அதை மாற்றுவீர்கள்.

மரைக்கு டெஃப்லான் டேப் சுற்றலாமா?

வேண்டாம். டேப்பின் நுனி பிய்ந்து உள்ளே போனால் ஃபில்டருக்கு அப்புறம் இருக்கிற இடம் அது, நேராக விபி44-க்குள்தான் போகும். டீசலுக்கு ஏற்ற, குழாயில் வருகிற மரைப் பசை தடவுங்கள். நுனியிலிருந்து முதல் ஒன்றிரண்டு மரையை விட்டுவிட்டுத் தடவ வேண்டும். காய எவ்வளவு நேரம் என்று அதன்மேலேயே எழுதியிருக்கும், அதுவரை பிரஷர் கொடுக்காதீர்கள், அவசரத்தில் உடனே ஸ்டார்ட் செய்துவிட்டு இந்தப் பசை வேஸ்ட் என்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

முடுக்கும்போது ஸ்பானரை அடியில் இருக்கிற ஆறு பட்டையில் போடுங்கள், டப்பாவைப் பிடித்துத் திருகினால் அந்த மடிப்பு விளிம்பு அன்றைக்கே தளரும். கையால் இறுகிய பிறகு ஒன்றரை முதல் இரண்டு சுற்று போதும். என்பிடி சாய்வான மரை, ஆப்பு மாதிரி வேலை செய்வது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று முடுக்கினால் பித்தளை பிட்டிங் பிளந்துகொள்ளும்.

மரை முதல் இரண்டு சுற்று ஏறுகிறது, அப்புறம் முரண்டு பிடிக்கிறது. ஏன்?

நிறுத்துங்கள். 1/8 என்பிடியில் அங்குலத்துக்கு 27 மரை, பிரிட்டிஷ் குழாய் மரையான 1/8 பிஎஸ்பியில் 28. பார்க்க ஒன்று போலவே இருக்கும், இரண்டு சுற்று சமர்த்தாக ஏறும், அப்புறம் ஒன்றையொன்று தின்னும். ஐரோப்பியச் சென்டர்களில் எம்10x1 மரையும் வரும். ஆன்லைனில் மலிவாகக் கிடைத்ததை வாங்கும்போது இதைப் பார்த்து வாங்க வேண்டும். தவறான மரையைப் பசை போட்டுச் சமாளித்தால் ஒழுகத்தான் ஒழுகும்.

கொஞ்சமாகத்தான் கசிகிறது. ஓட்டிக்கொண்டே இருக்கலாமா?

வீடு போய்ச் சேரும்வரை ஓட்டலாம், மாதக்கணக்கில் ஓட்டக் கூடாது. கிழிந்த டயாபிரம் நாளுக்கு நாள் பெரிதாகும், ஒரு நாள் மொத்தமாகப் பிய்ந்தால் லிஃப்ட் பம்ப் டீசலை ரோட்டுக்கு இறைத்துக்கொண்டிருக்கும், கேஜில் பிரஷர் விழும், விபி44 பட்டினி கிடக்கும். டீசல் பெட்ரோல் மாதிரி உடனே பற்றிக்கொள்ளாது என்பது உண்மைதான். ஆனால் 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் பொறியே இல்லாமல் பற்றும். டிரெய்லர் இழுக்கும்போது எக்சாஸ்ட் மேனிஃபோல்டு அதைப்போல இரண்டு மூன்று மடங்கு சூட்டில் இருக்கும். கம்மின்ஸில் டீசல் சாமான் எல்லாம் டிரைவர் பக்கம், டர்போ எதிர்ப்பக்கம், அது ஓர் அதிர்ஷ்டம். இருந்தாலும் ஃபேன் காற்றில் பறக்கிற டீசல் துளிக்குப் பக்கம் தெரியாது. ரப்பரும் டீசலில் ஊறினால் உப்பிப் போகும்: கூலண்ட் ஹோஸ், எஞ்சின் மவுண்ட் எல்லாம்.

காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கிறதா? அதற்கும் இதே கசிவு காரணமாக இருக்கலாம். ஓடும்போது டீசல் வெளியே வருகிற ஓட்டை வழியாக, நிறுத்தியதும் காற்று உள்ளே போய் டீசல் டேங்குக்கே இறங்கிவிடும்.

நடுவழியில் பிய்ந்துகொண்டால்?

நீடில் வால்வ் இருந்தால் வால்வை மூடுங்கள், கையைத் துடையுங்கள், போய்க்கொண்டே இருங்கள். அவ்வளவுதான். நான் ஸ்னப்பரைவிட வால்வை விரும்புவது இதற்காகத்தான். வால்வ் இல்லையென்றால் சென்டரைக் கழற்றிவிட்டு 1/8 என்பிடி பித்தளை பிளக் ஒன்றைத் திருகி அடைக்க வேண்டும். அந்தப் பிளக்கையும் அதற்கு ஏற்ற ஸ்பானரையும் டேஷ்போர்டு பெட்டியில் போட்டு வையுங்கள். காசு ஒன்றும் பெரிதில்லை, ஆனால் இரவு பதினோரு மணிக்கு எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

சென்டரே இல்லாத மெக்கானிக்கல் கேஜ் வாங்கிவிட்டால்?

ஒயர், எர்த் தலைவலி இல்லை, முள்ளும் நம்பகம். ஆனால் ட்யூப் வழியாக டீசல் நேராகக் கேபினுக்குள், உங்கள் முழங்காலுக்கு மேலே வந்து நிற்கும். ட்யூப் விட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நடுவில் ஐசோலேட்டர் என்று ஒன்று வைக்கலாம், எஞ்சின் பக்கம் டீசல், கேபின் பக்கம் ஆன்டிஃப்ரீஸ் கலந்த தண்ணீர், இடையில் ஒரு டயாபிரம். பார்த்தீர்களா, மறுபடியும் டயாபிரம். அதற்கும் முன்னால் அதே நீடில் வால்வ் வேண்டும். ஒரே லாபம், கிழிந்தால் பானட்டுக்கு அடியில்தான் ஒழுகும்.

கேஜே வேண்டாம், பிரஷர் குறைந்தால் எரிகிற விளக்கு மட்டும் போதுமா?

ஒன்றும் இல்லாததற்கு அது மேல். 10 பிஎஸ்ஐக்கு வைத்த பிரஷர் ஸ்விட்ச்சும் ஒரு பல்பும். ஆனால் 15 இருந்தது 12 ஆகிவிட்டது, லிஃப்ட் பம்ப் தளர்கிறது என்று விளக்கு சொல்லாது. அந்த ஸ்விட்ச்சும் இதே அடியில் சாகும். இரண்டையும் வைத்திருப்பவர்கள் புத்திசாலிகள், ரோட்டைப் பார்த்து ஓட்டும்போது முள்ளை யார் பார்க்கிறார்கள்?

எந்தச் சென்டர் வாங்குவது?

கேஜோடு வந்த ஜோடிதான். அமெரிக்க வழக்கப்படி வருபவை பல, பிரஷர் இல்லாதபோது 240 ஓம், முழு அளவில் 33 ஓம். விடிஓ என்ற ஜெர்மன் பிராண்டின் வகை தலைகீழ், 10-ல் தொடங்கி 180 வரை ஏறும். மாற்றி மாட்டினால் எஞ்சின் நின்றிருக்கும்போது முள் உச்சியில் நிற்கும். ஓம் மீட்டர் வைத்து ஒரு நிமிடத்தில் எது என்று கண்டுபிடித்துவிடலாம். பழைய சென்டர் செத்ததா என்றும் அதே மீட்டர் சொல்லும், ஓபன், அதாவது உள்ளே இணைப்பே இல்லை என்று காட்டினால் தூக்கிப் போடுங்கள்.

அளவு 0 முதல் 30 பிஎஸ்ஐ எடுங்கள். 15 பிஎஸ்ஐ கேஜில் படிப்பது சுலபம், ஆனால் சென்டர் எப்போதும் தன் எல்லையிலேயே நிற்கும். நல்ல ஆஃப்டர்மார்க்கெட் லிஃப்ட் பம்ப் போட்டால் 15-ஐத் தாண்டியும் போகும். காசு இருந்தால் மூன்று ஒயர் வருகிற எலக்ட்ரானிக் சென்சர் உள்ள கேஜ் வாங்கலாம். உள்ளே உரசுகிற துடைப்பான் கிடையாது, அதற்கென்றே எர்த் ஒயர் உண்டு. அதற்கும் ஹோஸும் வால்வும் போடுவேன்.

ஃபோர்டு 7.3 பவர்ஸ்ட்ரோக், ஷெவர்லே டியூராமேக்ஸ் டீசல் வண்டிகளில்?

7.3-ல் பிரஷர் 50 முதல் 70 பிஎஸ்ஐ, ஆகவே 100 பிஎஸ்ஐ கேஜ் வேண்டும், ராமில் இருந்து கழற்றிய 30 பிஎஸ்ஐ சென்டர் அங்கே தாங்காது. ஃபில்டர் கிண்ணம் இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தில் உட்கார்ந்திருப்பதால், அங்கே வைத்த சென்டர் ஒழுகினால் டீசல் பள்ளத்தில் தேங்கி எஞ்சினின் பின்பக்கம் கியர்பாக்ஸ் மேல் வழியும். பின் சீல் போய்விட்டது என்று கியர்பாக்ஸை இறக்கும் முன் ஒரு சொட்டை விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள், எஞ்சின் ஆயிலா டீசலா என்று மூக்குக்குத் தெரியும்.

2001-ல் வந்த டியூராமேக்ஸில் லிஃப்ட் பம்பே கிடையாது, எஞ்சின்தான் டேங்கிலிருந்து உறிஞ்சி இழுக்கிறது. பிரஷர் கேஜ் மாட்டினால் முள் எழுந்திருக்காது, வேக்குவம் கேஜ்தான் வேண்டும். அங்கே பிட்டிங் லூசானால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். தரை காய்ந்திருக்கும், வண்டிதான் ஸ்டார்ட் ஆகாது.